நமுக்கிற ஊரில் பிஸ்கட் சுடுவது

நாலு மணிக்கு ஓவனிலிருந்து எடுத்தபோது விரலால் சுண்டினால் டக்கென்று சத்தம் வந்த பிஸ்கட், ஆறரை மணிக்கு மகள் டியூஷன் முடிந்து வந்து கையில் எடுத்தபோது வளைந்தது. உடையவில்லை, வளைந்தது. அவள் அதை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக மடக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பிஸ்கட்டா தோசையா?" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது, வாய் மட்டும் இருபது.

டப்பாதான் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் எவர்சில்வர் டப்பாவை ஓரங்கட்டிவிட்டு ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி வாங்கினேன். அதிலும் அதே கதை. கொஞ்சம் அரிசியைத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போட்டேன், ஈரத்தை இழுக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அரிசி அரிசியாகவே இருந்தது, பிஸ்கட் மறுபடியும் தோசையாகிவிட்டது. இப்படியே ஏறக்குறைய நாலு மாசம் போனது. நடுவில் ஒரு தடவை, நமுத்ததை மறுபடி ஓவனில் வைத்து மொறுமொறுப்பாக்கப் போய் எல்லாம் கரிந்து, அந்தத் தட்டை அப்படியே கோழிக்குக் கொட்டினேன். கோழி தின்றது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் மண்டபம். ராமேஸ்வரம் போகிற ரயில் கடலுக்கு மேலே ஏறுவதற்கு முன்னால் தரையில் நிற்கிற கடைசி ஊர். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று போட்டிருப்பார்கள், ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வாடை அடிக்கிற மாசங்களில் வடகடல் வீட்டுக்குள் வரும், கச்சான் அடிக்கிற மாசங்களில் தென்கடல் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னல் கம்பியைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகாத சைக்கிளுக்குச் செயின் மாற்றுகிற ஊர் இது. மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது பாம்பன் பாலம் தெரியும். 1914-இல் திறந்த பழைய பாலம், இரும்பு வேகமாக அரிக்கிற இடங்களில் உலக அளவில் பேர் வாங்கிய கடலில் நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். பாலத்தையே தின்கிற காற்று, என் பிஸ்கட் எம்மாத்திரம்.

ஆனால் இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் கை சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதற்கு இதை ஆரம்பித்தேன் என்றால், சின்னவனுக்குப் பல் சொத்தை. ஐந்து வயசுக்குள் நாலு பல். ராமநாதபுரத்தில் காட்டியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "கிரீம் பிஸ்கட் எத்தனை சாப்பிடுவான்?" என்பதுதான். நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவனே விரலை விரித்து ஐந்து காட்டினான், அது பொய், ஒரு பாக்கெட்டைத் தனியாக முடிப்பான். வீட்டுக்கு வந்து அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் போட வேண்டும், இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அதில் மைதா முதல், சர்க்கரை இரண்டாவது, பாமாயில் மூன்றாவது. ஐந்தாறு பாக்கெட் திருப்பிப் பார்த்தேன், முதல் மூன்று பேர் கிட்டத்தட்ட அதே மூன்று பேர்தான், முன்பக்கத்துப் படம் மட்டும் வேறே வேறே. "ஓட்ஸ் பிஸ்கட்" என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றில் ஓட்ஸ் எத்தனாவது இடத்தில் இருந்தது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். நீங்களே உங்கள் வீட்டில் இருக்கிறதைத் திருப்பிப் பாருங்கள்.

சரி, வீட்டிலேயே செய்வோம், சர்க்கரை போடாமல் பழத்தை வைத்தே இனிப்பாக்குவோம் என்று இறங்கினேன். மதுரையில் சின்னம்மா மகள் புதுசு வாங்கியதும் அவளுடைய பழைய ஓவனை எனக்குத் தள்ளிவிட்டிருந்தாள். வாழைப்பழம், ஓட்ஸ், பேரீச்சம்பழம், மூன்றே பொருள், பதினைந்தே நிமிஷம், மொறுமொறுவென்று வரும் என்று வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் எந்த ஊரில் உட்கார்ந்து சொன்னாளோ தெரியாது, நிச்சயம் கடற்கரையில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது இதுதான். கடை பிஸ்கட்டில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. சூட்டில் அது உருகி மாவோடு பரவுகிறது, ஆறும்போது கண்ணாடி மாதிரி இறுகுகிறது, அந்த இறுக்கம்தான் நாம் கடிக்கும்போது கேட்கிற சத்தம். சர்க்கரையை எடுத்துவிட்டால் இனிப்பு மட்டும் போவதில்லை, எலும்பும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்குப் பதிலாக நாம் போடுகிற வாழைப்பழத்தில் முக்கால்வாசி தண்ணீர். பேரீச்சம்பழத்தில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் வகை. அதிலும் இந்த ஃபிரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். அதாவது, ஈரம் குறையவே குறையாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற பொருளைப் போட்டுப் பிஸ்கட் சுட்டு, அது ஏன் நமுக்கிறது என்று நாலு மாசம் அழுதிருக்கிறேன். இன்னொன்று, அந்த வகை இனிப்பு சீக்கிரம் சிவக்கும். 180 டிகிரியில் வைத்தால் நடு வேகும் முன்னால் ஓரம் கறுத்துவிடும். கோழிக்குப் போன தட்டின் ரகசியம் அது.

முடிவு கட்டியது அத்தை. என் மாமியார் பிறந்தது நரிப்பையூர்ப் பக்கம், அவருடைய அப்பா பனை ஏறியவர், பதநீர் காய்ச்சுகிற வீட்டில் வளர்ந்தவர். நான் புதுசாக வாங்கிவந்த மூன்றாவது ஜாடியைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, இன்னும் எத்தன சாடி வாங்கப் போற?" என்றார். அவர்கள் வீட்டில் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்பார்களாம், கீழே இருந்து புகையும் சூடும் ஏறிக்கொண்டே இருக்கும், அப்படி இருந்தும் ஐப்பசி கார்த்திகையில் மேலே வேர்த்துக் கசிந்து கொட்டான் ஓலையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடுமாம். "கருப்பட்டியே நிக்காது. நீ வாழப்பழத்த வச்சுக்கிட்டு நிக்கச் சொல்ற." அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "பணியாரம் சுட்டா மொறுமொறுன்னு இல்லைன்னு யாராச்சும் குத்தம் சொல்றோமா? சாயங்காலம் சுட்டு சாயங்காலமே திங்கிறோம்ல?"

அதானே. பணியாரத்தை யாரும் டப்பாவில் போட்டு ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதில்லை. நான் பிஸ்கட் என்று பேர் வைத்ததால்தான் அது பத்து நாள் நிற்க வேண்டும், சத்தம் போட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்கே மொறுமொறுப்பை விட்டுக்கொடுத்துவிட்டேன். மேலே லேசாக முறுகல், உள்ளே மெத்து, சுட்ட அன்றைக்கே தின்று முடிப்பது. அப்படி முடிவு பண்ணியதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தப்பாக வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருகிற தப்பு என்ன தப்பு என்றாவது தெரிகிறது.

இனி செய்முறை. அளவை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், பழத்துக்குப் பழம் மாறும்.

வாழைப்பழம் இரண்டு, பெரிய பச்சைப்பழம். தோலில் கறுப்புப் புள்ளி நிறைய விழுந்து, கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிற பதம். காயில் மாவாக இருப்பதுதான் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது, அதனால் மஞ்சளாகப் பளபளவென்று இருக்கும் அழகான பழம் இதற்கு ஆகாது. கற்பூரவள்ளி கிடைத்தால் இன்னும் நல்லது, இனிப்பு தூக்கும், சின்னதாக இருந்தால் நாலு போடலாம். பூவன் பழத்தில் ஒரு புளிப்பு இருக்கிறது, எனக்குப் பிடிக்கும், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ரஸ்தாளியை வீணாக்காதீர்கள், அது சும்மா தின்பதற்கான பழம்.

பேரீச்சம்பழம் பன்னிரண்டு. பக்கத்து வீட்டு லாத்தாவின் மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார், ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கும் ஒரு டப்பா உண்டு, கையில் எடுத்தாலே ஒட்டுகிற மாதிரி மெத்தென்ற பழம். கடையில் வாங்குவதென்றாலும் அந்த மெத்துப் பழமாகப் பாருங்கள். கொட்டையை எடுத்துவிட்டுக் கொதிக்கிற தண்ணீர் ஐந்தாறு ஸ்பூன் விட்டு இருபது நிமிஷம் மூடி வையுங்கள். இங்கேதான் நான் ரொம்ப நாள் தப்புப் பண்ணினேன், முங்க முங்கத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு அரைத்துவிடுவேன், பிறகு மாவு கூழாகிவிட்டதென்று ஓட்ஸை அள்ளி அள்ளிக் கொட்டுவேன், கடைசியில் இனிப்பே இருக்காது. தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மிக்ஸியின் சின்ன ஜாரில் துவையல் மாதிரி கெட்டியாக அரைத்தால் போதும், நடுவில் ரெண்டு துண்டு அரைபடாமல் கிடந்தால் தின்னும்போது அதுதான் பரிசு.

ஓட்ஸ் இரண்டு கப், நூற்று எண்பது கிராம் வரும். தட்டையான அவல் மாதிரி முழுசாக இருக்கும் ரகம் வேண்டும். ரெண்டு நிமிஷத்தில் வேகிற மசாலா பாக்கெட் ரகம் வேண்டாம், அது குழைந்துவிடும், போதாததற்கு அதில் உப்பும் மசாலாவும் இருக்கும். வெறும் சட்டியில் மிதமான தீயில் வாசம் வருகிற வரை வறுத்து, பாதியை மட்டும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுப் பொடித்து, மீதியை அப்படியே போடுங்கள். இந்த வறுக்கிற வேலை வீடியோவில் வராது, அத்தை சொல்லிக் கொடுத்தது, நமுத்த ஓட்ஸை அதோடு சரி பண்ணிவிடலாம்.

அப்புறம் தேங்காய்த் துருவல் அரை கப், அதையும் சிவக்க வறுத்தது. வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டிய நிலக்கடலை ஒரு கைப்பிடி. சின்னவன் அவசர அவசரமாக விழுங்குவான் என்பதால் நான் கொஞ்சம் பொடியாகவே தட்டுவேன். ஒரு முட்டை, முட்டை சாப்பிடாத நாளில் அது இல்லாமலும் வரும், கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், தேங்காயெண்ணெயோ நெய்யோ. சுக்குப் பொடியும் ஏலக்காயும் உங்கள் இஷ்டம். உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. உப்பு போடாவிட்டால் இது பத்திய உணவு மாதிரி இருக்கும், உப்புப் பட்டால்தான் பழத்தின் இனிப்பு முன்னால் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் கையால் பிசைந்து இருபது நிமிஷம் மூடி வைக்க வேண்டும். வைக்கும்போது தளர்வாக, தப்பாகிப்போன மாதிரி தெரியும், பயந்து இன்னும் ஓட்ஸ் போடாதீர்கள், ஓட்ஸ் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். இருபது நிமிஷம் கழித்துக் கையில் எண்ணெய் தொட்டு உருட்டினால் கொழுக்கட்டை மாவு பதத்தில் நிற்கும். எலுமிச்சை அளவு உருட்டித் தட்டில் வைத்து விரலால் அமுக்கி அரை விரல் கனத்துக்குத் தட்டைப்படுத்துங்கள். சர்க்கரை இல்லாததால் இது தானாகப் பரவாது, நீங்கள் எப்படி வைத்தீர்களோ அப்படியேதான் வெளியே வரும். மேடு பள்ளமாக வைத்தால் மேடு பள்ளமாக வரும். இருபது பிஸ்கட் கிடைக்கும். 160 டிகிரியில் இருபத்திரண்டு நிமிஷத்திலிருந்து இருபத்தைந்து நிமிஷம், பதினைந்தாவது நிமிஷம் ஒவ்வொன்றையும் புரட்டி விட்டால் ரெண்டு பக்கமும் முறுகும். எடுத்தவுடன் தொட்டால் பொலபொலவென்று இருக்கும், தட்டிலேயே பத்து நிமிஷம் விட்டால் பிடிப்பு வந்துவிடும்.

ஓவன் இல்லாவிட்டால், அல்லது எங்கள் ஊர் மாதிரி மாவு பிசைந்து முடித்ததும் கரண்ட் போகிற ஊராக இருந்தால், பழைய குக்கர் போதும். அடியில் கல் உப்பு ரெண்டு டம்ளர் பரப்பி, மேலே ஒரு இரும்புப் பிரிமணை போட்டு, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு (இதை மறந்தால் விபரீதம்) மூடி பத்து நிமிஷம் மிதமான தீயில் காயவிடுங்கள். பிறகு எண்ணெய் தடவிய சின்னத் தட்டில் ஐந்தாறு பிஸ்கட்டை வைத்து இறக்கி, தீயை நன்றாகக் குறைத்து அரை மணி நேரம். மணலும் போடலாம், ஆனால் எங்கள் பக்கம் உப்புக்கா பஞ்சம். அரசாங்க உப்பளமே வாலிநோக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு தடவை போட்ட உப்பைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டால் அதே உப்பை மறுபடி மறுபடி இதற்கே வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் குக்கரில் வருகிறதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும், அடிப்பக்கம் பணியாரச் சட்டியில் பட்ட மாதிரி ஒரு முறுகல் வருகிறது.

ஓட்ஸ் நம் ஊர்த் தானியமா, குதிரைக்குப் போடுவதை எதற்குப் பிள்ளைக்குப் போடுகிறாய் என்று மாமா ஆரம்பத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. இதே மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் குதிரைவாலி விளைகிறது. சரி என்று ஓட்ஸை அடியோடு நிறுத்திவிட்டுக் குதிரைவாலி மாவில் செய்து பார்த்தேன். வாசமெல்லாம் அருமை. வாயில் போட்டால் மணல். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்று கரையும் நார்ச்சத்து ஒன்று இருக்கிறது, தண்ணீர் பட்டதும் வழவழவென்று ஆகி மற்றதையெல்லாம் பிடித்துக்கொள்ளும், கஞ்சி வைத்தால் கையில் ஒட்டுகிறதே, அதுதான். சிறுதானிய மாவுக்கு அந்தப் பிடிப்பு வரவில்லை. இப்போது ஒன்றரை கப் ஓட்ஸ், அரை கப் வறுத்த குதிரைவாலி மாவு என்று ஒரு சமரசம். மாமாவிடம் முழுக்கக் குதிரைவாலி என்று சொல்லியிருக்கிறேன், இதை அவர் படிக்க மாட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இயற்கை இனிப்பு என்றால் இனிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு பேரீச்சம்பழத்திலும் இரண்டு வாழைப்பழத்திலும் இருக்கும் சர்க்கரையை இருபதால் வகுத்தால் ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. பழத்தோடு நாரும் சேர்ந்து வருகிறது, கடலையும் ஓட்ஸும் வயிற்றை நிறைக்கின்றன, ரெண்டுக்கு மேல் தின்ன முடிவதில்லை, அது லாபம். ஆனால் நாலு தின்றால் நாலு டீஸ்பூனுக்கு மேல்தான். பல்லில் ஒட்டுகிற விஷயத்தில் பேரீச்சம்பழம் ஒன்றும் புண்ணியவான் இல்லை, தின்றதும் சின்னவன் வாய் கொப்பளித்தே ஆக வேண்டும். மாமாவுக்கு சுகர் இருக்கிறது, அதனால் அவருக்கு ஒன்றே ஒன்று, அதுவும் சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லை, சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.

கருப்பட்டி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பனை ஏறுகிற ஊரில் பிறந்த மாமியாரை வைத்துக்கொண்டு நான் போடாமல் இருப்பேனா. போடலாம், வாசம் அடுத்த வீட்டுக்குப் போகும். ஆனால் அது நல்லது, வெள்ளைச் சர்க்கரைதான் கெட்டது என்று நினைத்துக்கொண்டு அள்ளிப் போட வேண்டாம், கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கொடுத்த பரிந்துரையில், ஒரு நாள் சாப்பாட்டின் மொத்தச் சக்தியில் சேர்க்கும் சர்க்கரை பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தேனும் பாகும் பழச்சாறும் சேரும், முழுப்பழமாகத் தின்கிற பழம் சேராது. அதனால்தான் நான் கருப்பட்டியைத் தீபாவளி பொங்கலுக்கு என்று வைத்திருக்கிறேன், அன்றாடத்துக்குப் பழம் மட்டும். தேன் ஊற்றலாமா என்று தங்கச்சி கேட்டாள், அவள் கைக்குழந்தைக்கும் கொஞ்சம் கொடுக்கிற எண்ணத்தில். ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் எந்த ரூபத்திலும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி ஒன்று அந்தப் பிஞ்சு வயிற்றுக்கு விஷமாகும், நாக்கில் தடவுகிற பழக்கத்தையும் சேர்த்தே விட வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

கருப்பட்டி வாங்குகிறவர்களுக்கு அத்தையின் சோதனை ஒன்று. உடைத்துப் பார்த்தால் உடைத்த இடம் மினுமினுவென்று கற்கண்டு மாதிரி மின்னினால் சீனி கலந்தது என்பார். இதை அவர் கடை வாசலிலேயே, கடைக்காரர் கண்ணுக்கு முன்னாலேயே, சத்தமாகச் செய்வார். கூடப் போகிற எனக்குத்தான் எங்கே முகத்தை வைப்பது என்று தெரியாது. வாங்கி வந்ததைத் துளித் தண்ணீரில் கரைத்து வடிகட்டாமல் மாவில் சேர்க்காதீர்கள், தூசியும் துரும்பும் சில சமயம் கல்லும் இருக்கும்.

போன ஆவணியில் பனம்பழத்தில் ஒரு கை பார்த்தேன். பனை வரிசை போகிற பாதையில் விழுந்து கிடந்ததைப் பிள்ளைகள் ரெண்டு தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுட்டுத் தின்றது போக மீதியை, அந்த ஆரஞ்சு நிறச் சதையை, நாரிலிருந்து கசக்கிக் கசக்கிப் பிழிந்தேன், கை மூன்று நாள் மணத்தது. இவ்வளவு நிறம், இவ்வளவு வாசம், வாழைப்பழமே வேண்டாம் என்று அதை மட்டும் போட்டுச் சுட்டேன். பார்க்க அப்படி ஒரு அழகு. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பின்னாலேயே தொண்டையில் ஒரு கசப்பு, வேப்பங்கொழுந்து மாதிரி. அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மரத்துக்கு மரம் கசப்பு மாறுமாம், எந்த மரம் எப்படி என்று அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம், "ரோட்டுல கெடந்தத எடுத்து வந்தா அது எந்த மரம்னு அதுக்கே தெரியாது" என்றார். இந்த வருஷம் அவர் ஊரிலிருந்தே பழம் வருவதாகப் பேச்சு.

வைத்திருந்து தின்பதைப் பற்றி. வெளியே வைத்தால் அன்றைக்கு மட்டும், மறுநாள் சாயங்காலத்துக்கு மேல் நம்ப வேண்டாம், பழ ஈரம் இருப்பதால் பூஞ்சை பிடிக்கும், இந்தக் காற்றில் சீக்கிரமே பிடிக்கும். ஃபிரிட்ஜில் மூன்று நாள். ஆனால் சுட்டு வைப்பதைவிட மாவாக உருட்டி வைப்பது நல்ல வழி. ஞாயிற்றுக்கிழமை நாற்பது உருண்டை உருட்டித் தட்டில் பரப்பி ஃபிரீசரில் கல்லாக்கி, பிறகு ஒரு கவரில் போட்டு வைத்துவிடுகிறேன். சாயங்காலம் ஆறேழு எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து, அமுக்கிச் சுட வேண்டியதுதான். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, இந்த உருண்டைதான் எங்களைக் காப்பாற்றியது. படகெல்லாம் கரையேறிக் கிடக்கும், எங்கள் வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக், ஊருக்கே ஓய்வு என்றால் அவருக்கு அப்போதுதான் வேலை. இரவு பத்து மணிக்குக் கிரீஸ் கையோடு வந்து "தின்ன என்ன இருக்கு?" என்பார். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் குக்கர் காய்ந்திருக்கும்.

எறும்பு வரும். அதற்கு வழி கேட்காதீர்கள், தட்டுக்குக் கீழே தண்ணீர்த் தாம்பாளம் வைப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

மகள் இப்போது தோசை என்று சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நாலு கேட்கிறாள், ரெண்டு அவளுக்கு, ரெண்டு பண்டமாற்றுக்கு. என்ன மாற்றி வாங்குகிறாள் என்று விசாரித்தேன், கிரீம் பிஸ்கட்.

இன்னமும் தீராதது மாமா பஞ்சாயத்துதான். அவருக்குப் பிஸ்கட் என்றால் காப்பியில் முக்க வேண்டும், முக்கினால் நிற்க வேண்டும். இது நிற்காது. நேற்றும் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே சர்க்கரை போடாத கட்டங்காப்பியில் விட்டார், ஒரு விநாடி, பாதி பிஸ்கட் கையில், பாதி டம்ளருக்குள். கொஞ்ச நேரம் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சின்னவனைக் கூப்பிட்டு, "தம்பி, ஐயாவுக்கு ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றார்.